பொரியாளர் நியமனம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றித் தங்களைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ளக்கூடியவர்கள் அந்த ஆண்டு, அதாவது இரண்டாயிரத்து எட்டில், ஆயிரம் பேராவது இருந்தார்கள். அரசாங்கத்துக்கு வேண்டியிருந்ததோ ஒரே ஒருவர். அந்த ஒருவர் தான்தான் என்பதில் எளாவூர் யேசுதாஸின் மகள் கிறிஸ்டினாவுக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை.

'வளர்தொழில் கொள்கை நடுவம்' என்ற பெயரில் தொழிற்பேட்டைக்குள் ஓர் அலுவலகம் திறந்திருந்தார்கள். கார் உதிரிபாகம், காற்றாலை இறக்கை, சூரியத் தகடு என்று புதிது புதிதாகத் தொழில்கள் வருகின்றன. வருகிறவற்றுக்கு ஒரு கொள்கை வேண்டும். கொள்கையில் பொறியாளரின் பங்கு என்ன என்று ஆராய வேண்டும். ஆராய்வதற்கு ஓர் அலுவலகம் வேண்டும், அலுவலகத்துக்கு ஒரு ஜீப் வேண்டும். ஜீப் முதலில் வந்துவிட்டது. பிறகு பதினோரு நாற்காலிகள் வந்தன. இரண்டு நாற்காலிகளின் முதுகில் மட்டும் வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்தது. ஒன்று சிறப்பு அலுவலர் குப்புராஜுக்கு. இன்னொன்று, இனிமேல் நியமிக்கப்படவிருக்கும் தொழில்நுட்ப உறுப்பினருக்கு.

கிறிஸ்டினா பி.ஈ. எலக்ட்ரிகல் முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர்கள் தெருவில் முதல் பட்டம் அது. படித்த படிப்புக்கு ஒரு குழாய்க் கம்பெனியின் வாசலில் லாரிகளுக்கு கேட் பாஸ் எழுதும் வேலை கிடைத்திருந்தது. அவளுடைய மின்னியல் அறிவு அந்தக் கம்பெனிக்கு ஒரே ஒரு முறை தேவைப்பட்டது. ஃப்யூஸ் போன அன்றைக்கு, எலக்ட்ரீஷியனைக் கூட்டி வரச் சொல்லி அவளைத்தான் அனுப்பினார்கள்.

தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இன்னா இஞ்சினீரு, இன்னிக்கு எத்தினி லாரி எண்ணுன?" என்பார்கள். அந்த உறுப்பினர் பதவி கிடைத்தால் அதே வார்த்தையை அவர்கள் வேறு மாதிரி சொல்லியாக வேண்டும். கிடைக்காவிட்டால் அவள் ஆயுசு முழுக்க லாரிதான்.

நேர்காணலுக்கு நாற்பது கேள்விகளுக்குப் பதில் தயார்செய்துகொண்டு போனாள். குப்புராஜ் அவளுடைய பைலைத் தொடவே இல்லை. அரசாணையை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, நீ இன்னா ஆளு?"

"பொறியாளர் சார்."

"எந்த ற?"

நாற்பதில் இது இல்லை. "பெரிய ற சார்."

"அங்கதான் இடிக்குது." அவர் அரசாணையை அவள் பக்கம் திருப்பினார். "நல்லா பாரு. 'உள்ளூர்ப் பொரியாளர் ஒருவரை உறுப்பினராக நியமிக்கலாம்.' சின்ன ர."

"சார், அது டைப் அடிச்சவங்க தப்பு சார். சின்ன ர போட்டா அரிசிப் பொரி சார். ஆயுத பூஜைக்கு வைப்பாங்களே, அந்தப் பொரி."

குப்புராஜுக்குக் கோபம் வரவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"கவர்மெண்ட் ஆர்டர்ல தப்பு வராதும்மா. தப்பு இருந்தா மேல கையெழுத்து ஆயிருக்காது. கையெழுத்து ஆயிருக்கு. அதனால தப்பு இல்ல. அரசாங்கம் பொரி வறுக்கிற ஆளைக் கேக்குதுன்னா அதுல ஒரு தொலைநோக்கு இருக்கும். அது இன்னான்னு கேக்குறதுக்கு நான் யாரு? நீ யாரு?"

அவள் யார் என்று அவளுக்கே அந்த நிமிடம் தெரியவில்லை. பைலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

*

எளாவூர்ச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். நிற்கிற லாரிக்காரர்களுக்குப் பொரியும் கடலையும் விற்கிறவள் கங்கம்மா. அவளுடைய வறுக்கும் கொட்டகைக்கும் கிறிஸ்டினாவின் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கிறிஸ்டினா படித்த பன்னிரண்டு வருடமும் அந்தச் சுவருக்கு அப்பால் மணல் சட்டியில் அரிசி படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. கல்லூரிக்குப் போனபோது அவளுடைய புத்தகங்களில்கூடப் பொரி வாசம் அடித்ததாகத் தோழிகள் சொன்னார்கள்.

நேர்காணல் முடிந்த மூன்றாம் நாள் அந்தக் கொட்டகை வாசலில் ஜீப் வந்து நின்றது.

கங்கம்மா ஜீப்பைப் பார்த்ததும் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். "நைனா, ஒரு அஞ்சி நிமிசம் குடு, நானே பிரிச்சிட்றேன். அடுப்ப மட்டும் ஒடச்சிடாத" என்று கத்தினாள். ரோட்டோரக் கொட்டகையை இடிக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். அதற்கு முன்னால் அரசாங்கம் அவளைத் தேடி வந்ததெல்லாம் அதற்குத்தான். குப்புராஜ் மாலையோடு அவள் பின்னால் ஓடினார். சட்டி சூடாக இருந்ததால் மாலையை எட்டி நின்றே போட வேண்டியிருந்தது.

"மேடம், நீங்க இனிமே அரசாங்கத்தோட தொழில்நுட்ப உறுப்பினர்."

"மேடம்னா யாரு?" என்றாள் கங்கம்மா, திரும்பிப் பார்த்து.

கிறிஸ்டினாவின் அம்மா கிரேஸ் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப் போன பிறகு சொன்னாள்: "நான் அப்பவே சொன்னேன், அந்த அக்காகிட்ட ரெண்டு நாள் அரிசி வறுக்கப் போடீன்னு. நீதான் படிக்கிறேன் படிக்கிறேன்னு உக்காந்துக்கினு இருந்த."

கிறிஸ்டினா அன்று இரவுச் சாப்பாட்டை வேண்டாம் என்றாள்.

*

நடுவத்தின் நடவடிக்கைக் குறிப்புகளை வாசல் பலகையில் ஒட்டுவார்கள். கேட் பாஸ் வேலை முடிந்ததும் கிறிஸ்டினா நேராக அங்கே போய் நின்று ஒரு வரி விடாமல் படிப்பாள். நாக்கில் புண் வந்தால் அதைத் தொட்டுக்கொண்டே இருப்போமே, அந்த மாதிரி.

அந்த வருடம் கடுமையான மின்வெட்டு. முதல் கூட்டத்திலேயே குப்புராஜ் கங்கம்மாவிடம் கேட்டிருக்கிறார்: கரண்ட் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? "எனக்கு இன்னா சார், நான் வெறகுல வறுக்கிறேன்" என்றிருக்கிறாள் கங்கம்மா. பலகையில் இப்படி இருந்தது: 'மின்வெட்டால் சற்றும் பாதிக்கப்படாத மாற்று எரிசக்தித் தொழில்நுட்பத்தை உறுப்பினர் தமது கூடத்தில் ஏற்கெனவே நடைமுறைப்படுத்தியுள்ளது பாராட்டுடன் பதிவு செய்யப்பட்டது.'

கிறிஸ்டினா நான்காம் ஆண்டில் மாற்று எரிசக்தி பற்றி எழுபது பக்கத்தில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதியிருந்தாள். அதை இன்றுவரை யாரும் பாராட்டுடனோ பாராட்டாமலோ பதிவு செய்யவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்திருந்த புதிது. ஒரு மனு எழுதிப் போட்டாள்: பொறியாளர் பதவிக்குப் பொரி வறுப்பவரை நியமித்தது எந்த விதியின்படி? முப்பதாவது நாள் பதில் வந்தது. 'தாங்கள் குறிப்பிடும் "பொறியாளர்" என்ற சொல் இவ்வலுவலக ஆவணங்கள் எதிலும் காணப்படவில்லை. பொறுமை காக்கவும்.' பொறுமைக்கும் பெரிய ற, பொறாமைக்கும் பெரிய ற. கிறிஸ்டினாவிடம் அப்போது இரண்டாவது மட்டும்தான் கைவசம் இருந்தது.

அதற்குள் ஊர் மாறத் தொடங்கிவிட்டது. அவளோடு படித்த பழவேற்காடு ரிஜ்வான் ஒரு நாள் பஸ்ஸில் அகப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்கடா போய்க்கினு இருக்க?"

"கோர்ஸுக்கு. திருவள்ளூர்ல ஆரம்பிச்சிருக்காங்க. பொரியியல், ஆறு மாசம். அடுத்த போஸ்டிங் வந்தா ரெடியா இருக்கணும் இல்ல?"

"வெக்கமா இல்ல? நீ மெக்கானிக்கல்ல பர்ஸ்ட் கிளாஸ்."

"அதுக்கு மார்க்க கொறச்சிட்றாங்க" என்றான் அவன் வருத்தமாக. "பர்ஸ்ட் கிளாஸ் எடுத்தவனுக்குக் கை பதம் வராதாம்."

*

புரட்டாசியில் 'வளர்தொழில்களில் பொரியாளரின் பங்கு' என்று ஒரு கருத்தரங்கம் நடந்தது. கம்பெனி மேலாளர்கள் எல்லாம் கோட் போட்டு வந்திருந்தார்கள். நாற்காலி எடுத்துப் போடக் குழாய்க் கம்பெனியிலிருந்து ஆள் கேட்டிருந்தார்கள். கிறிஸ்டினாவைத்தான் அனுப்பினார்கள்.

குப்புராஜ் மேடையில் மேடைத்தமிழ் பேசினார்.

"பெரியோர்களே! அரிசியைப் பாருங்கள். சின்னது. கனமானது. ஒரு மூட்டை அரிசியை ஒருவனால் தூக்க முடியாது. அதையே பொரியாக்குங்கள். பத்து மடங்கு பெருகுகிறது. ஆனால் தூக்கினால் எடையே இல்லை! உள்ளே என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை! காற்று! உள்ளே ஒன்றும் வைக்காமல் வெளியே பத்து மடங்காகக் காட்டுவதைத்தான் இந்த நடுவம் தொடங்கிய நாள் முதலாக நாங்கள் செய்து வருகிறோம். இதுதான் வளர்ச்சி! இதுதான் கொள்கை!"

கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆனது. பிறகு கங்கம்மாவைப் பேசச் சொன்னார்கள். அவள் மைக்கைக் கரண்டி மாதிரி பிடித்தாள்.

"எனுக்குப் பேசத் தெரியாது. மணல் சூடேறுன அப்பால தான் அரிசிய கொட்டணும். பச்ச மணல்ல கொட்டுனா எம்மா நேரம் கிண்டுனாலும் அரிசி அரிசியாத்தான் கெடக்கும். நீங்க இங்க ரோடு போடல, தண்ணி குட்க்கல, கரண்ட் இல்ல. மொதல்ல கம்பெனிய கொட்டிட்டு அப்பால வெறகு தேடிக்கினு கீறீங்க. எப்டி நைனா பொரியும்?"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்வரிசையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற கிறிஸ்டினாவுக்கு வயிறு எரிந்தது. அந்த அம்மாள் முட்டாள்தனமாக எதையாவது உளறியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். சொன்னது சரியாக இருந்தது. அவளே அந்த நாற்பது பதில்களில் பதினேழாவதாக வைத்திருந்தது அது. அவள் அதை மூன்று பக்கத்தில் எழுதியிருந்தாள்.

அடுத்த வாரம் இன்னும் ஒன்று நடந்தது. வேறொரு வேலைக்கு மனுப் போட, பட்டச் சான்றிதழ் நகலில் அதிகாரி ஒருவரின் கையொப்பம் தேவைப்பட்டது. தொழிற்பேட்டைக்குள் பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இரண்டு பேருக்குத்தான். குப்புராஜ் டூரில் இருந்தார்.

கங்கம்மா துண்டு போர்த்திய நாற்காலியின் நுனியில், துண்டு அழுக்காகிவிடும் என்று முதுகு படாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே பதினான்கு பொறியாளர்கள் வரிசையில் நின்றார்கள்.

"வாமே கிறிஸ்டி! இன்னா இது?"

"என் டிகிரிக்கா. ஒரிஜினல் பார்த்து, இது உண்மையானதுதான்னு கையெழுத்துப் போடணும்."

"உன் டிகிரி உண்மைன்னு நான் சொல்லணுமா?" கங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பன்னண்டு வருசமா செவுத்துக்கு அந்தாண்ட கத்திக் கத்திப் படிச்சியே, எனுக்குத் தெரியாதா?" பேனாவை முழு முஷ்டியால் பிடித்து, நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு, க-ங்-க-ம்-மா என்று பச்சை மையில் எழுதினாள். எழுதி முடிய ஒரு நிமிடம் ஆனது. "பேஜாரா கீது கிறிஸ்டி. ஆயுத பூஜ வருது. முப்பது கம்பெனிக்காரன் மூட்ட மூட்டயா பொரி கேட்டுக்கினு கீறான். என்ன வுடுங்கடான்னா வுட மாட்டேன்றாங்க. நான் போறேன்னு எழுதிக் குட்தா, அதுக்குத் தொழில்நுட்ப உறுப்பினர் ஒப்புதல் வேணுமாம். அது நான்தானாம். என் பைல்ல நானே கையெழுத்துப் போடக் கூடாதாம்."

கிறிஸ்டினா நகலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வேண்டாம் என்கிறவளுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

*

ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது திருத்தம் வந்தது. மேலிடத்தில் யாரோ தமிழ் தெரிந்தவர் மாற்றலாகி வந்திருந்தாராம். 'மேற்படி அரசாணையில் "பொரியாளர்" என வரும் இடங்களிலெல்லாம் "பொறியாளர்" எனத் திருத்திப் படிக்கவும்.'

பலகையில் அதைப் பார்த்ததும் கிறிஸ்டினா வீட்டுக்கு ஓடி, பைலை எடுத்துக்கொண்டு, திரும்ப ஓடி வந்தாள்.

"சார், இப்ப பெரிய ற வந்துடுச்சி சார்."

"ஆமாம்மா, பார்த்தேன்."

"அப்ப கங்கம்மாக்கா..."

"திருத்திப் படிக்கச் சொல்லியிருக்கு. ஆளை மாத்தச் சொல்லல." குப்புராஜ் திருத்தத்தைத் தட்டிக் காட்டினார். "கங்கம்மா மேடத்தோட நியமன ஆர்டர்ல பொரியாளர்னு இருக்கு. அதைத் திருத்திப் படிச்சா இன்னா வருது?"

கிறிஸ்டினா சொன்னாள்: "பொறியாளர்."

"அவ்வளவுதான். இன்னிலருந்து அவங்க பொறியாளர். ஒரு நாள் காலேஜுக்குப் போகல பாரு, கவர்மெண்ட் நெனச்சா யாரையும் தூக்கிவிட்டுடும்." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒரு சிக்கல். இப்ப எங்ககிட்ட பொரியாளர் இல்ல. அந்த இடம் காலியா இருந்தா மேல இருந்து அதை எடுத்துப்பான். நாற்காலி போச்சுன்னா துண்டும் போச்சு. உனக்குப் பொரில அனுபவம் இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எழுந்து வந்திருக்கலாம். அறையின் மூலையில், வெள்ளைத் துண்டு போர்த்திய அந்த நாற்காலி இருந்தது. கிறிஸ்டினா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பன்னிரண்டு வருசம் பொரிப் புகையிலதான் சார் படிச்சேன்."

"சர்டிபிகேட் இருக்கா?"

கங்கம்மா பச்சை மையில் எழுதிக் கொடுத்தாள்.

நியமனம் ஆன அன்றைக்கு மேசை மேல் வைக்க இரண்டு பெயர்ப்பலகைகள் வந்தன. கங்கம்மா, பொறியாளர். கிறிஸ்டினா, பொரியாளர். பெயர் ஒரு கட்டையிலும் பதவி இன்னொரு கட்டையிலுமாக இருந்தன. கங்கம்மா பதவிக் கட்டைகள் இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணாட்டமே கீதே. இதுல எதுமே என்னுது?"

அறையில் வேறு யாரும் இல்லை. மூன்று மாதமாகத் தூங்கவிடாமல் அரித்த எழுத்து, முக்கால் ரூபாய் பெயின்டில், கங்கம்மாவின் வலது கையில் இருந்தது. கிறிஸ்டினா இடது கையைக் காட்டினாள்.

"அதுதான்க்கா உங்களுது."

"அப்டியா, சரி" என்று கங்கம்மா சின்ன ர-வைத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். கிறிஸ்டினா பெரிய ற-வைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் தன் முன்னால் வைத்தாள். சிறிது நேரத்தில் குப்புராஜ் வந்தார். இரண்டு பலகைகளையும் பார்த்தார். "நேரா வைங்க, கோணலா இருக்கு" என்றார். அதற்கு மேல் அவர் எதையும் கவனிக்கவில்லை. அன்றைக்கு வந்த பத்துப் பேரில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

அன்றைய கூட்டத்தின் பொருள் மின்வெட்டு. குப்புராஜ் உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டார். கிறிஸ்டினா எழுந்தாள். தன் யோசனையைச் சொன்னாள். இரும்பு உருக்கும் ஆலைகள் அத்தனையும் காலை ஷிப்ட் தொடங்கும் ஒரே நேரத்தில் உலையைப் போடுகின்றன. அந்தப் பாரம் தாங்காமல்தான் லைன் விழுகிறது. ஆலைகளை நான்கு பிரிவாக்கி, பிரிவுக்கு இரண்டு மணி நேர இடைவெளி விட்டு உலை போடச் சொன்னால் பாதி வெட்டு குறையும். புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம், ஒரு தாளில் அட்டவணை போதும். அட்டவணையையும் போட்டு எடுத்து வந்திருந்தாள். கேட் பாஸ் எழுதிய இரண்டு வருடத்தில் எந்த ஆலையிலிருந்து எப்போது இரும்பு லாரி வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஏழு நிமிடம் பேசினாள். அவள் வாழ்க்கையில் பொறியாளராகப் பேசிய முதல் ஏழு நிமிடம் அது.

பேசி முடித்ததும் டீ வந்தது. எல்லோரும் டீ குடித்தார்கள்.

"நல்லது" என்றார் குப்புராஜ், வாயைத் துடைத்துக்கொண்டு. "கங்கம்மா மேடம் இன்னா சொல்றாங்க?"

கங்கம்மாவுக்குக் கொட்டகை நினைப்பு. திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "கிறிஸ்டி சொல்றது தான் நைனா சரி. ஒரே அடுப்புல நாலு சட்டிய ஏத்துனா நாலும் வேகாது. முற வெச்சி ஏத்தணும்."

"ஆகா!" என்றார் ஒருவர். மேசையைத் தட்டினார்கள். சுருக்கெழுத்தர் அப்போதுதான் பேனா மூடியைக் கழற்றினார்.

மறுநாள் மாலை கிறிஸ்டினா வாசல் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். அவள் சொன்னது அத்தனையும் இருந்தது. நான்கு பிரிவு, இரண்டு மணி நேர இடைவெளி, அட்டவணை, எதுவும் விடுபடவில்லை. ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. திட்டம் ஒருமனதாக ஏற்கப்பட்டு மறுவாரமே நடைமுறைக்கு வருகிறது என்றும் இருந்தது.

'உறுப்பினர் கங்கம்மா அவர்கள் தெரிவித்ததாவது' என்று குறிப்பு தொடங்கியிருந்தது. அவளுடைய பெயரையும் விட்டுவிடவில்லை. கடைசி வரியில் போட்டிருந்தார்கள்: 'உறுப்பினர் கிறிஸ்டினா உடனிருந்து தேநீர் அருந்தினார்.'